உணவுக்குழாய்க்கு லெட்டர் வராது: புதுசா வந்தவங்களுக்கு கேன்சர் ஸ்கிரீனிங் பத்தி

வெளிநாட்டுல வந்து இறங்கின முதல் மாசம் வீடு, பேங்க் அக்கவுண்ட், சிம் கார்டு, பிள்ளைங்க ஸ்கூல்னு ஓடியே போயிடும், ஃபேமிலி டாக்டர்கிட்ட பேர் பதியறது மட்டும் "இப்ப யாருக்கு என்ன, அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போயிட்டே இருக்கும். அதைத் தள்ளாதீங்க. அது காய்ச்சல் மாத்திரைக்கு மட்டும் இல்ல, இங்கிலாந்து மாதிரி நாடுகள்ல கேன்சர் ஸ்கிரீனிங் லெட்டரே அந்தப் பதிவுல இருக்கற வயசையும் அட்ரஸையும் வச்சுதான் வருது. வீடு மாத்தினா அங்கயும் அட்ரஸ் மாத்துங்க, இல்லன்னா உங்க லெட்டர் பழைய வீட்டுலயே கிடக்கும்.

லெட்டர் வந்ததும் நிறைய பேர் பயந்துடறாங்க, நல்லா இருக்கற எனக்கு எதுக்கு கேன்சர் டெஸ்ட், ரத்தத்துல ஏதாவது கண்டுபிடிச்சிட்டாங்களான்னு. ஒண்ணும் இல்லங்க, அந்த வயசுல இருக்கற எல்லாருக்கும் போற லெட்டர் அது. தொந்தரவு எதுவும் இல்லாதப்பவே தேடிப் பாக்கறதுதான் ஸ்கிரீனிங். இங்கிலாந்துல 50லேர்ந்து 74 வயசு வரைக்கும் குடல் கேன்சருக்கு 2 வருஷத்துக்கு ஒரு தடவை மல டெஸ்ட் கிட் போஸ்ட்ல வரும், பெண்களுக்கு 25 வயசுலேர்ந்து கர்ப்பப்பை வாய் டெஸ்ட், 50க்கு மேல மார்பக எக்ஸ்ரே (மேமோகிராம்). ஆஸ்திரேலியாவுல குடல் டெஸ்ட் 45லயே ஆரம்பிக்கலாம் ஆனா 50 வரைக்கும் நாமதான் கேட்டு வாங்கணும், 2025 ஜூலைலேர்ந்து ரொம்ப நாள் சிகரெட் பிடிச்சவங்களுக்கு நுரையீரல் ஸ்கேனும் உண்டு. அந்த மல கிட் எங்க வீட்டு டிராயர்ல மாசக்கணக்கா தூங்கிச்சு, கூச்சம்தான் காரணம், வேற என்ன சொல்ல. எடுத்துப் பண்ணா அஞ்சு நிமிஷ வேலை.

ஆனா உணவுக்குழாய்க்கு இப்படி ஒரு லெட்டர் இந்த நாடுகள்ல வராது. எல்லாருக்கும் எண்டோஸ்கோபி (வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாக்கறது) பண்ற அளவுக்கு அது பரவலான கேன்சர் இல்ல, டெஸ்ட்டும் லேசானது இல்ல. அதனால இந்த ஒண்ணுல நீங்களா போய் சொன்னாதான் உண்டு.

இங்கதான் நம்ம மொழில ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு எல்லாமே "கேஸ்". நெஞ்சு எரிஞ்சா கேஸ், ஏப்பம் வந்தா கேஸ், சாப்பாடு நெஞ்சுல நின்னாலும் கேஸ். அதையே அப்படியே டாக்டர்கிட்ட சொன்னா அவர் வயித்து உப்புசம்னு நினைச்சு மாத்திரை எழுதி அனுப்பிடுவார். பிரிச்சு சொல்லுங்க: முழுங்கும்போது அடைக்குதா, கெட்டியான சாப்பாடு மட்டும் நிக்குதா இல்ல தண்ணியே இறங்கலையா, எத்தனை வாரமா, எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு, ராத்திரி புளிச்சுக்கிட்டு மேல வருதா. முழுங்கறதுல கஷ்டம்னா எந்த வயசா இருந்தாலும் அவசர எண்டோஸ்கோபிக்கு அனுப்பணும்னுதான் இங்கிலாந்து டாக்டர்களுக்கான வழிகாட்டுதலே சொல்லுது. இங்கிலீஷ் வராதவங்க இன்டர்ப்ரிட்டர் வேணும்னு அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிடுங்க, பத்து வயசுப் பையனை உக்கார வச்சு மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க பாவம். எண்டோஸ்கோபிக்கு மயக்க ஊசி போட்டா அன்னிக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போகணும், ஊருக்குப் புதுசுன்னா அதுக்கு முன்னாடியே ஆள் பாத்து வச்சுக்கங்க.

உணவுக்குழாய் கேன்சர்ல ரெண்டு வகை முக்கியம். ஸ்குவாமஸ் வகை பெரும்பாலும் குழாயோட மேல், நடுப் பகுதில வரும், புகையிலை, மது, புகையிலை போட்ட வெத்தலைப் பாக்கு இதெல்லாம் காரணம். அடினோ வகை கீழ்ப் பகுதில, வயித்து அமிலம் வருஷக்கணக்கா மேல ஏறி ஏறி குழாயோட உள்தோலே மாறிப்போகும், அதுக்கு பாரெட்ஸ்னு பேர், அதுலேர்ந்து சிலருக்குதான் கேன்சர் வருது. நெஞ்செரிச்சல் இருக்கற எல்லாருக்கும் கேன்சர்னு தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க.

பாரெட்ஸைக் கண்டுபிடிக்க கேம்பிரிட்ஜ்ல ஒரு விஷயம் பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. நூல் கட்டின ஒரு மாத்திரை. முழுங்கினா சில நிமிஷத்துல வயித்துல கரைஞ்சு உள்ள இருக்கற ஸ்பாஞ்ச் விரியும், நர்ஸ் நூலைப் பிடிச்சு மேல இழுப்பாங்க, வர்ற வழில குழாய் முழுக்க செல்லை ஒத்தி எடுத்துட்டு வந்துடும். அமிலம் மேல ஏறற தொந்தரவுக்கு (ரிஃப்ளக்ஸ்) மாத்திரை சாப்பிடற 13,000 பேர்கிட்ட நடந்த ஆய்வுல வழக்கமான முறையை விட 10 மடங்கு அதிகமா பாரெட்ஸ் தெரிஞ்சுது, 2020ல லான்செட்ல வந்துது. இப்ப 1,20,000 பேரை வச்சு அடுத்த ஆய்வு பிரிட்டன்ல ஆரம்பிச்சிருக்கு. அழைப்பு வந்தா மோசடின்னு டெலீட் பண்றதுக்கு முன்னாடி உங்க டாக்டர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

கேன்சர்னே வந்துட்டாலும் பத்து வருஷம் முன்னாடி கேட்ட கதையை வச்சு முடிவு கட்டிடாதீங்க. நெதர்லாந்துல நடந்து 2012ல வெளிவந்த கிராஸ் ஆய்வுதான் ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோவும் ரேடியேஷனும் குடுத்தா ஆயுசு கூடுதுன்னு காட்டுச்சு, பாதிப் பேராவது உயிரோட இருந்த காலம் 24 மாசத்துலேர்ந்து 49 மாசம் ஆச்சு. அப்புறம் ஜெர்மனில எசோபெக்னு 438 பேர்கிட்ட ஒண்ணு, அடினோ வகைக்கு மட்டும், ரேடியேஷன் இல்லாம ஃப்ளாட்ங்கற கீமோவை ஆபரேஷனுக்கு முன்னயும் பின்னயும் குடுத்தாங்க, அதுல 66 மாசம், கிராஸ் முறைல 37. அதனால எந்த வகைன்னு பயாப்ஸி (சின்ன சதைத் துண்டு எடுத்து டெஸ்ட் பண்றது) ரிப்போர்ட்ல கேட்டு எழுதி வச்சுக்கங்க, ட்ரீட்மென்ட் அதைப் பொறுத்து மாறும். கீமோ ரேடியேஷன் முடிச்சு ஆபரேஷன் பண்ணி எடுத்த பகுதில இன்னும் கேன்சர் மிச்சம் இருந்தா நிவோலுமாப்னு ஒரு இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சரோட சண்டை போட வைக்கற) ஊசி ஒரு வருஷம் குடுக்கறாங்க, நோய் திரும்பாம இருந்த காலம் 11 மாசத்துலேர்ந்து 22 மாசத்துக்குப் போச்சு.

ஆபரேஷன்தான் எல்லாருக்கும் பயம், பெரிய ஆபரேஷன்தான், குழாயை எடுத்துட்டு வயித்தையே மேல இழுத்து இணைப்பாங்க. 2025ல வந்த சானோ ஆய்வுல கீமோ ரேடியேஷனுக்கு அப்புறம் கேன்சர் எங்கயும் தெரியாதவங்களை உடனே அறுக்காம எண்டோஸ்கோபியும் ஸ்கேனும் எடுத்து எடுத்துப் பாத்தாங்க, திரும்பி வந்தா மட்டும் ஆபரேஷன், 2 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 74 சதவீதம், உடனே ஆபரேஷன் பண்ண பக்கம் 71. இது எல்லாருக்கும் பொருந்தாது, ஆனா "எனக்கு இது முடியுமா"ன்னு டாக்டரைக் கேக்கலாம், கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, போன தடவை ஸ்கிரீனிங் ரிசல்ட் நார்மல்னு வந்துதேன்னு ரத்தம் போறதையோ கட்டியையோ விட்டுடாதீங்க, அறிகுறி வந்துட்டா அடுத்த லெட்டருக்குக் காத்திருக்கறதில்ல, நேரா டாக்டர்தான். விசிட்டர் விசால வந்திருக்கற அப்பா அம்மாவுக்கு இந்த லெட்டர் வரும்னு நம்பி இருக்காதீங்க.

டாக்டரைப் பாக்கப் போனா குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்துதா, எத்தனை வயசுலன்னு கண்டிப்பா கேப்பாங்க. வீட்டுக்கு போன் பண்ணா "தாத்தாவுக்கு வயித்துல ஏதோ கட்டி"ன்னுதான் சொல்லுவாங்க, விடாதீங்க, எந்த உறுப்பு, அப்ப அவருக்கு வயசு என்ன, பழைய ரிப்போர்ட் பீரோல ஏதாவது இருக்கான்னு கேட்டு, இருந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.