நாதஸ்வரம் கேட்டது, படம் வரவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். ஒருமுறை மாப்பிள்ளையின் அக்கா பென்டிரைவோடு வந்து நின்றார். "தம்பி, தாலி கட்டுற நேரத்துல நாதஸ்வரம் கேட்குது, திரை மட்டும் கறுப்பா இருக்கு."

எனக்கு மனசே கேட்கவில்லை. அவர்களுடையது விண்டோஸ் மடிக்கணினி. நான் ஆப்பிளின் மேக் கணினியில் ஹெச்இவிசி என்ற வீடியோ வடிவில் கோப்பாக்கியிருந்தேன். அதைப் பிரித்துப் படமாகக் காட்டும் மென்பொருளான கோடெக் எல்லா விண்டோஸிலும் இருப்பதில்லை. சரி என்று, பரவலாக ஓடும் ஹெச்.264 படம், ஏஏசி ஒலி வடிவங்களில், எம்பி4 கோப்பாக மாற்றினேன்.

அப்புறம் அடுத்த சிக்கல்: 11 ஜிபி கோப்பு பென்டிரைவில் ஏறவே இல்லை. அது ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தது; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டாலே மறுத்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை என்றால் மேக் படிக்கும், எழுதாது. அதனால் மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டி செயலியில், இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடிகிற எக்ஸ்ஃபேட் முறையைத் தேர்ந்தெடுத்து, ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டு வைத்து, பென்டிரைவை அழித்து ஃபார்மட் செய்தேன். இரண்டு கணினியிலும் திறந்தது.

தோட்டத்து வீட்டில் பாட்டியின் பழைய டிவிக்கு எக்ஸ்ஃபேட் புரியவில்லை. அவருக்காகத் தனியே ஒரு ஃபேட்32 பென்டிரைவ், 3 ஜிபிக்குள் துண்டு துண்டாக. இப்போது முன்பணம் வாங்கும்போதே கேட்டுவிடுகிறேன்: "எதுல போட்டுப் பார்ப்பீங்க?"