முதன்முறையாக நாய்ப்பூங்காவுக்கு: கயிற்றை எப்போது அவிழ்ப்பது, எப்போது மாட்டுவது

சிங்கப்பூரில் நாயைக் கயிறில்லாமல் ஓடவிட அனுமதியுள்ள பொது இடம் என்றால், பூங்காக்களுக்குள் வேலி போட்டு ஒதுக்கியிருக்கும் நாய்ப்பூங்காதான். வேறு பொது இடத்தில் அவிழ்த்துவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளரும் நாய்க்கு வாரம் முழுவதும் கூடமும் மின்தூக்கியும் புளோக்கின் கீழே உள்ள புல்தரையும்தான் உலகம். அடக்கிவைத்த துடிப்பெல்லாம் சனிக்கிழமை மாலை ஒரே வேலிக்குள் அவிழ்கிறது. அங்கே சண்டை நடப்பதில் வியப்பில்லை. இன்னும் அதிகம் நடக்காததுதான் வியப்பு.

நான் பார்த்த மோசமான மாலைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கின. நாயை உள்ளே விட்டதும் உரிமையாளர் நிழலான பெஞ்சைத் தேடிக் கைப்பேசியோடு அமர்ந்துவிடுவார். நாய் வெளியே ஓடாமல் வேலி தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

படி 1: போகத்தான் வேண்டுமா?

எல்லா நாய்க்கும் நாய்ப்பூங்கா தேவை என்பது விற்பனையாளர்களும் சமூக ஊடகமும் சேர்ந்து பரப்பிய எண்ணம். மற்ற நாய்களைக் கண்டதும் நடுங்கி ஒடுங்கும் நாயை, "பழகினால் சரியாகிவிடும்" என்று கூட்டத்துக்குள் இறக்குவது அதற்குச் செய்யும் கொடுமை. அச்சம் பழகிப் போகாது, இன்னும் முற்றிப்போகும். அப்படிப்பட்ட நாய்க்குக் காலையில் நீண்ட நடையும், முகர்ந்து பார்க்கத் தாராளமான நேரமும், தெரிந்த அமைதியான நாய் ஒன்றின் துணையும் போதும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் புதிய நண்பர்கள் மேல் பெரிய ஆர்வமும் இருப்பதில்லை. அது குறையல்ல.

கடித்த வரலாறுள்ள நாய், பருவத்தில் இருக்கும் பெண் நாய், இருமும் நாய், வயிற்றுப்போக்குள்ள நாய், தடுப்பூசித் தொடர் முடியாத குட்டி ஆகியவை எதுவும் உள்ளே போகக்கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

படி 2: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு அதை வழங்குகிறது.

தடுப்பூசியைச் சடங்காக நினைக்காதீர்கள். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். நோயுற்ற நாய் வந்துபோனதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். குட்டிகளுக்கு ஏறத்தாழ 16 வாரம் வரை ஊசித் தொடர் நீளும், அதுவரை பொறுங்கள். மழை பெய்த மறுநாள் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றக்கூடும். அந்த ஊசியைப் பற்றியும் உண்ணி மருந்தைப் பற்றியும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊசியைப் போலவே முக்கியமான இன்னொன்று, கூப்பிட்டால் வரும் பழக்கம். கூடத்தில் கூப்பிட்டால் வருகிறது என்பது கணக்கில் சேராது. இன்னொரு நாய் கண்ணில் பட்டிருக்கும்போதும், கீழே உணவு கிடக்கும்போதும் வர வேண்டும். நீண்ட கயிற்றைக் கட்டிக்கொண்டு வெறிச்சோடிய நேரத்தில் பழக்குங்கள். வந்ததும் கொஞ்சம் தின்பண்டம் கொடுத்து மீண்டும் விளையாட விட்டுவிடுங்கள். கூப்பிட்டாலே வீட்டுக்குத்தான் என்று கற்றுக்கொண்ட நாய் வேலியின் மறுகோடியில் நின்று உங்களை வேடிக்கை பார்க்கும்.

படி 3: நாயில்லாமல் ஒரு நோட்டம்

பிஷான்-அங் மோ கியோ பூங்காவோ வெஸ்ட் கோஸ்ட் பூங்காவோ, உங்களுக்கு அருகில் எது இருக்கிறதோ அங்கே முதலில் தனியாகப் போங்கள். வாயில் எப்படிப் பூட்டுகிறது, சிறிய நாய்களுக்குத் தனி அடைப்பு இருக்கிறதா, வழக்கமாக வருபவர்கள் நாய்மேல் கண்வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் வருகைக்கு வார நாளின் அதிகாலையே நல்லது. கூட்டமும் குறைவு, வெயிலும் இல்லை. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஊரின் நண்பகல் உயிருக்கே ஆபத்து.

படி 4: வாயில்

இரட்டைக் கதவு இருக்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே நின்று கயிற்றை அவிழ்த்த பிறகு உள்கதவைத் திறக்க வேண்டும். அவிழ்ந்து திரியும் நாய்களுக்கு நடுவே கட்டுண்டு நிற்கும் நாய்க்குத் தப்ப வழியில்லை. தப்ப முடியாத நாய் பல்லைத்தான் காட்டும். முள் கழுத்துப்பட்டை இருந்தால் கழற்றிவிடுங்கள். விளையாட்டில் மற்றொரு நாயின் தாடை அதில் சிக்கினால் இரண்டும் மிரண்டுபோகும்.

புதிய நாய் வந்தால் உள்ளே இருப்பவை வாயிலுக்குப் பாய்ந்து வரும். அந்த நெரிசலில்தான் பல சண்டைகள் மூள்கின்றன. கூட்டம் கலையும்வரை வெளியே காத்திருங்கள். நீங்கள் முன்பே உள்ளே இருந்தால், உங்கள் நாயை அழைத்து ஓரமாக வைத்துக்கொள்வது உங்கள் கடமை.

பிட் புல், ராட்வைலர், டாபர்மேன் போன்ற, அரசு பட்டியலிட்ட இனங்களுக்குப் பொது இடத்தில் கயிறும் வாய்க்கூடும் கட்டாயம். வேலி வந்துவிட்டது என்று வாய்க்கூட்டைக் கழற்றுபவரைக் கண்டால், நான் என் நாயோடு வெளியேறிவிடுவேன்.

பந்து, எலும்பு, தின்பண்டப் பை எதுவும் கூட்டத்துக்குள் வேண்டாம். வீட்டில் சாதுவாக இருக்கும் நாயும் அந்நிய நாய் தன் பந்தருகே வந்தால் உறுமும்.

படி 5: உள்ளே, நின்றுகொண்டு

அமராதீர்கள். நாய் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள்.

நல்ல விளையாட்டை அடையாளம் காண்பது கடினமில்லை. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பகுதியைத் தூக்கும் அழைப்பு இருக்கும். உடல் தளர்ந்து நெளியும். துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி நடக்கும். இடையிடையே இரண்டும் நின்று மூச்சு வாங்கும். விறைத்த உடல், மூடிய வாய், அசையாத பார்வை, கழுத்துக்கு மேல் தலையை வைத்து நிற்பது போன்றவை மோதலுக்கு முந்தைய நொடிகள். வாலாட்டம் நட்பின் சான்றல்ல. உயர்த்திய வால் விறைப்பாக வேகமாக ஆடினால் கூப்பிட்டுவிடுங்கள்.

அஞ்சும் நாய் கத்தாமலே சொல்லிவிடும். உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும், வால் வயிற்றோடு ஒட்டும், உங்கள் கால்களுக்கு இடையே புகும். அப்போது "போ, விளையாடு" என்று தள்ளிவிடுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களை நம்பி வந்த நாயை நீங்களே கைவிடும் செயல் அது. நடுவே நின்று மறித்து, அமைதியாக அழைத்துச் செல்லுங்கள்.

விளையாட்டா, வன்முறையா என்று ஐயம் வந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. துரத்தும் நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். துரத்தப்பட்டது தானாகத் திரும்பி வந்து சீண்டினால் விளையாட்டு. ஓடி ஒளிந்தால், நடந்தது விளையாட்டல்ல.

பெரிய நாயும் குட்டி நாயும் சேர்ந்து ஓடுவது படம்பிடிக்க அழகாக இருக்கும். ஆனால் சிறியது அலறி ஓடும் கணத்தில், நல்ல குணமுள்ள பெரிய நாய்க்கும் வேட்டை உணர்வு கிளர்ந்துவிடலாம். வீவக வீடுகளில் பெரும்பாலும் சிறிய இனங்களே வளர்வதால், பெரிய நாய்களோடு பழகாத சிறிய நாய்கள் இங்கே ஏராளம். தனி அடைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

"பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது!" நாய்ப்பூங்காவில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வாக்கியம் இது. அதைச் சொல்பவர் எப்போதும் இருபது அடி தொலைவில் இருப்பார். உங்கள் நாய் பிறரைத் தொந்தரவு செய்தால், வாயால் சமாதானம் சொல்லாமல் காலால் நடந்து போய்ப் பிடியுங்கள்.

மலத்தை உடனே அள்ளுங்கள். சிறு குழந்தைகளை உள்ளே அழைத்து வராதீர்கள். ஓடும் குழந்தையும் துரத்தும் பொருள்தான்.

படி 6: சண்டை மூண்டால்

கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். மனிதர்கள் கடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். முதலில் பலத்த ஓசை எழுப்புங்கள் அல்லது முகத்தில் தண்ணீரை வீசுங்கள். பல சண்டைகள் அதிலேயே கலைந்துவிடும். கலையாவிட்டால், இரு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களை இடுப்பருகே பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னோக்கி இழுப்பதுபோல் வளைந்து பின்வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் மற்ற நாய் பாய்ந்து வரும். ஒன்று கவ்விப்பிடித்திருந்தால் இழுக்கவே கூடாது, சதை கிழியும். அது வாயை விடும்வரை இரண்டையும் அசையாமல் பிடித்திருங்கள். பிரிந்ததும் கயிற்றை மாட்டி உடனே வெளியேறுங்கள். யார் குற்றம் என்ற வாக்குவாதம் வேலிக்கு வெளியே நடக்கட்டும்.

படி 7: கடித்த பிறகு

பல் பதிந்த துளை வெளியே சிறிதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். சிறிய நாயைப் பெரியது கவ்வி உலுக்கியிருந்தால் தோல் கிழியாமலே உள்ளுறுப்பு சிதைந்திருக்கலாம். எழுந்து நடக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடித்தது உங்கள் நாய் என்றால், யாரும் கேட்கும் முன்பே பெயரையும் எண்ணையும் கொடுங்கள். தடுப்பூசி விவரத்தைக் காட்டுங்கள். மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். "உங்கள் நாய்தான் முதலில் உறுமியது" என்ற வாதம் வேண்டாம். உறுமல் எச்சரிக்கை, கடி காயம். கடிபட்டது உங்கள் நாய் என்றால் காயம், இடம், நேரம், பார்த்தவர்களின் தொடர்பு எண் ஆகியவற்றைப் பதிவு செய்துகொண்டு, விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் புகார் கொடுங்கள். மற்றவர் நழுவப் பார்த்தால் இந்தப் பதிவுகளே கைகொடுக்கும்.

மனிதர் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 1953 முதல் வெறிநோய் இல்லாத நாடு. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே எந்த நாய் கடித்தாலும், வளர்ப்பு நாயே ஆனாலும், கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும்.

தாக்கப்பட்ட நாயை அடுத்த வாரமே அதே வேலிக்குள் கொண்டுபோகாதீர்கள். புண் ஆறிய பின், நன்கு தெரிந்த ஒரே ஒரு அமைதியான நாயோடு, கயிற்றில், பக்கம் பக்கமாக நடக்க விடுங்கள். அந்த நாயைக் கண்டதும் உடல் தளர்ந்து தானாக முகரப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் நாய்ப்பூங்காவை மறந்துவிட்டு நடையையே தொடருங்கள்.