தோட்டத்துப் பாட்டிகளின் பாட்டைப் பதிவு செய்யும் முறை

1894இல் வியன்னாவில் பிறந்த கரோல் பிளிட்ஸ்கா, 1924 முதல் மார்ட்டின் நகரின் மாட்டிட்சா ஸ்லொவென்ஸ்கா என்ற பண்பாட்டு அமைப்புக்காக ஸ்லோவாக்கிய ஊர்களில் அலைந்து பல்லாயிரம் நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். பாடியவர்களின் முகங்களையும் படமெடுத்தார். 1933இல் 'பூமி பாடுகிறது' என்று ஒரு திரைப்படமே எடுத்தார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்துப் பாட்டிகளிடம் கைப்பேசியோடு நான் போவது அவர் வழியில்தான்.

எடுத்த எடுப்பில் "ஒரு பாட்டு பாடுங்க பாட்டி" என்று கேட்காதீர்கள், கூச்சப்படுவார்கள். "ஒட்டுப்பால் பொறுக்கும்போது என்ன பாடுவீங்க?" என்று வேலையைக் கேளுங்கள் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்தான் ஒட்டுப்பால்). கை தானாக அசையும், அப்புறம் பாட்டு வரும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நான் முதலில் எடுத்த தாலாட்டில் பாதி விசிறிச் சத்தம், அந்தப் பாட்டி இப்போது இல்லை.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லவே கூடாது; வாசலைத் தாண்டி மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்க வேண்டாம். முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து சொற்களை எழுதுங்கள். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதை 'பெரட்டு' என்று பாடினால் பெரட்டு என்றே எழுதுங்கள். பெயர், தோட்டம், யாரிடம் கற்றார் என்பதையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். முகத்தைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். சேலை மாற்றி வருகிறேன் என்பார், காத்திருங்கள்.