குழந்தை தன் விளையாட்டில் இருக்கட்டும்: வீட்டுக்குள் இயல்பான படம் எடுக்கும் முறை

"இங்க பாரு, சிரி" என்றதும் குழந்தை பல்லைக் காட்டும், கண் சிரிக்காது. வீட்டில் எடுக்கும் படங்களில் பாதி இப்படிக் கெடுகின்றன. மீதியைக் கெடுப்பது வெளிச்சம். அதனால் இடத்தை முன்பே தயார்செய்து வையுங்கள். பிறகு குழந்தை தன் பாட்டுக்கு விளையாடட்டும். மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் பத்துக்குப் பத்து அடி ஹாலே இதற்குப் போதும்.

பகலில் டியூப்லைட், எல்இடி பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பும் சேர்ந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் விழும். இரண்டையும் ஒருசேரத் திருத்துவது பெரும்பாடு. தவிர, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாகப் பதியும்.

ஜன்னலிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளிப் பாயை விரியுங்கள். குழந்தையின் பக்கவாட்டில் ஜன்னல் இருக்கவேண்டும். ஒரு அடி தூரத்திலேயே உட்கார்ந்தால் ஜன்னல் பக்கக் கன்னம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப்போகும். ஏழெட்டு அடி தள்ளினால் வெளிச்சமே போதாது. நிழல் பக்கம் அதிகமாக இருண்டால், அந்தப் பக்கத்தில் இரண்டு அடி தள்ளி ஒரு நாற்காலியில் வெள்ளை வேட்டியைப் போட்டு வையுங்கள். நேர் வெயில் அடித்தால் அதே வேட்டியை ஒற்றையாகக் கிரில்லில் கட்டுங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் மூக்கின் கீழ் விழும் கத்தி போன்ற நிழல் மறைந்துவிடும்.

மும்பையில் நிறத்துக்கென்று தனிக் கவனம் வேண்டும். எதிர்க் கட்டடத்தில் வேலை நடந்து பச்சை வலை தொங்கினால் முகத்தில் பச்சை ஏறும். மழைக்காலத்தில் ஜன்னலுக்கு மேல் கட்டும் நீலத் தார்ப்பாய் குழந்தையை நீலமாக்கும். அப்படிப்பட்ட ஜன்னலை விட்டு வேறு ஜன்னலுக்கு மாறுங்கள். சிவப்பு பனியன்கூடத் தாடைக்கடியில் சிவப்பு அடிக்கும். சந்தேகம் இருந்தால் குழந்தை உட்காரும் இடத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டித் திருப்பிப் பாருங்கள், எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிய வானத்து வெளிச்சம் மங்கல்தான், ஆனால் முகத்துக்கு அதைவிட இதமான வெளிச்சம் கிடையாது.

அடுத்தது, தரையில் படுங்கள். லென்ஸ் குழந்தையின் கண் மட்டத்துக்கு வரவேண்டும். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். போனை இரண்டு அடிக்குள் கொண்டுபோனால் மூக்கு உப்பும். ஐந்து அடி தள்ளி 2எக்ஸ் ஜூம் வையுங்கள். ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போட்டு, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால், ஐந்து அடி தூரத்தில் சுமார் 70 செ.மீ. உயரம்தான் சட்டத்துக்குள் அடங்கும். உட்கார்ந்த குழந்தைக்குச் சரி, எழுந்துவிட்டால் தலை வெட்டுப்படும். சின்ன ஹாலுக்கு 35 எம்எம் வசதி.

உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஓடினால் 1/500. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/2.8. 50 எம்எம் லென்ஸில் எஃப்/1.8 வைத்தால் ஐந்து அடி தூரத்தில் துல்லியமாக விழும் ஆழம் ஆறேழு செ.மீ.தான். முகம் சற்றுத் திரும்பினாலே ஒரு கண் மங்கிவிடும். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, உச்சம் 3200 வையுங்கள். மழை நாளில் 6400 வரை போகலாம். புள்ளி தெரிந்தால் தெரியட்டும், அசைந்து மங்கிய படத்தைத்தான் மீட்க வழியில்லை. போனில் முதலில் லென்ஸைத் துடையுங்கள், அதில் குழந்தையின் எண்ணெய் விரல் பட்டிருக்கும். திரையில் தெரியும் கன்னத்தைத் தொட்டுப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். நைட் மோட் வேண்டாம். போர்ட்ரெய்ட் மோட் சுருள் முடியின் ஓரத்தைத் தின்றுவிடும். பியூட்டி ஃபில்டர் தானாகவே இயங்குகிறதா என்று பார்த்து அணையுங்கள். குழந்தையின் நிறத்தை வெளுக்கவைக்க எந்தக் கருவிக்கும் உரிமையில்லை. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு, வாயோரத்துப் பால், எதையும் துடைக்காதீர்கள்.

இப்போது குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு வயதுக்கு மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, கூடவே ஒரு கரண்டி. மூன்று வயதுக்குச் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை. பட்டாணி, மணி போல வாயில் போட்டு விழுங்கக்கூடியவை கூடவே கூடாது. ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் குழந்தை போனைப் பிடுங்க வரும். காட்டுங்கள், பார்த்துவிட்டுத் தானே திரும்பிப்போகும். அதுவரை அழுத்தாதீர்கள்.

டப்பா மூடி நழுவித் தரையில் விழுந்து 'டங்' என்கிறது. குழந்தை முதலில் மூடியைப் பார்க்கும். அடுத்த நொடி, யாராவது கேட்டார்களா என்று நிமிரும். புருவம் உயர்ந்து, வாய் பாதி திறந்து, கண்ணுக்குள் ஜன்னல் சின்னச் சதுரமாக மின்னும். நாம் காத்திருப்பது அந்த நிமிர்வுக்காக. சத்தம் கேட்டதும் நாலைந்து படம் தொடராக எடுங்கள். நூறு எடுத்தால் பிறகு நல்லதைப் பொறுக்கியெடுக்கவே மாட்டீர்கள்.

நேராகப் பார்க்கும் படம் வேண்டுமென்றால், பாட்டியை உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கவைக்காதீர்கள், பார்வை மேலே போய்விடும். அவர் முகம் லென்ஸை ஒட்டி இருக்கட்டும். கீழே உட்கார முடியாதவர் என்றால், குழந்தையைக் கட்டிலில் உட்காரவைத்து எதிரே அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் ஒரே ஒரு முறை கூப்பிட்டால் போதும். தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகுதான் நல்ல நேரம். கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். தூக்கத்துக்குக் கண்ணைக் கசக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஊரில் இருப்பவர்கள் பிரிண்ட் போடுவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 4×6 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 1200×1800 பிக்சல் வேண்டும். டாகுமென்டாக அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். ஆகவே கேமரா செட்டிங்கில் லொகேஷனை முன்பே அணைத்துவிடுங்கள்.