காபி லிஸ்டை விளைபொருள் லிஸ்டாக அனுப்ப முடியுமா? சி ஷார்ப்பில் கோவேரியன்ஸ்

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றுக்கு இருப்புக் கணக்கு எழுதுவோம். சேர்வராயன் மலையில் காபிக்கு நிழல் தர சில்வர் ஓக் வளர்த்து, அதிலேயே மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுவார்கள். ஒரே தோட்டத்திலிருந்து காபி மூட்டையும் வரும், மிளகு மூட்டையும் வரும்.

முதலில் விளைபொருள் என்று ஒரு கிளாஸ். அதில் எடை என்ற ப்ராப்பர்ட்டி போதும். அதிலிருந்து காபி, மிளகு என்ற இரண்டு கிளாஸ்களை இன்ஹெரிட் செய்யுங்கள். சி ஷார்ப் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். மொழியின் சொந்தச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், எடிட்டரில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

லிஸ்ட்<காபி> மூட்டைகள் = நியூ லிஸ்ட்<காபி>();
லிஸ்ட்<விளைபொருள்> சரக்கு = மூட்டைகள்;

இரண்டாவது வரி கம்பைல் ஆகாது. காபி ஒரு விளைபொருள்தானே, அப்புறம் ஏன்? இந்த இடத்தில் அவசரப்படாமல் யோசியுங்கள். கம்பைலர் விட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து சரக்கு.ஆட்(நியூ மிளகு()) என்று எழுதலாம். அந்த வரியைத் தனியாகப் பார்த்தால் தவறே இல்லை. ஆனால் இரண்டு பெயர்களும் குறிப்பது ஒரே லிஸ்டை. காபி மட்டும்தான் இருக்கிறது என்று நம்பி மூட்டைகளைப் படிக்கிற கோடின் கையில் மிளகு வந்து சேரும். எனக்கு மிகவும் பிடித்த பிழைச் செய்தி இது. கலப்படத்தை எழுதும்போதே நிறுத்திவிடுகிறது.

அரேயில் இந்தக் காவல் இல்லை. காபி அரேயை விளைபொருள் அரேயாக அசைன் செய்ய முடியும். அதில் மிளகை வைத்தால், ப்ரோகிராம் ஓடும்போதுதான் எக்ஸெப்ஷன் வரும். ஜாவா அரேயும் அப்படித்தான்.

சரி, மொத்த எடையைக் கூட்டினால் போதும், எதையும் சேர்க்கப்போவதில்லை என்றால்?

ஐஇன்யூமரபிள்<விளைபொருள்> சரக்கு = மூட்டைகள்;

இது கம்பைல் ஆகும். ஐஇன்யூமரபிளில் ஆட் கிடையாது, படிக்க மட்டுமே முடியும். 2010இல் வந்த சி ஷார்ப் 4.0இலிருந்து அதன் டைப் பாராமீட்டரான ‘டி’க்கு முன்னால் ‘அவுட்’ இருக்கிறது. டி வெளியே மட்டுமே வரும், உள்ளே போகாது என்ற உறுதிமொழி அது. அந்த உறுதிமொழியை நம்பி, காபித் தொகுப்பை விளைபொருள் தொகுப்பாகக் கொடுக்க முடிவதற்குத்தான் கோவேரியன்ஸ் என்று பெயர்.

இனி நம்முடைய இன்டர்ஃபேஸ்:

இன்டர்ஃபேஸ் ஐகிடங்கு<அவுட் டி>
{
    ஐரீட்ஒன்லிலிஸ்ட்<டி> இருப்பு();
}

காபிக்கிடங்கு என்ற கிளாஸில் ஐகிடங்கு<காபி>யை இம்ப்ளிமென்ட் செய்துவிட்டு இதை ஓட்டுங்கள்:

ஐகிடங்கு<விளைபொருள்> கிடங்கு = நியூ காபிக்கிடங்கு();

வேலை செய்யும். ஐரீட்ஒன்லிலிஸ்டும் படிக்க மட்டுமே தருகிறது. இப்போது வேண்டுமென்றே இன்டர்ஃபேஸில் ரிட்டர்ன் டைப்பை லிஸ்ட்<டி> என்று மாற்றிப் பாருங்கள். உடனே பிழை வரும். லிஸ்டைக் கொடுத்தால் வாங்கியவர் அதில் சேர்க்கவும் முடியும். அவுட் தந்த உறுதிமொழி உடைந்துவிடும். அதனால் வெளியார் அழைக்கும் மெத்தடுக்கு நான் முதலில் ஐரீட்ஒன்லிலிஸ்ட்தான் எழுதுவேன். அழைப்பவர் உண்மையிலேயே சேர்க்க வேண்டியிருந்தால் மட்டும் லிஸ்ட்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எடைகளை டபுள் லிஸ்டாக வைத்திருந்தால், அதை ஐஇன்யூமரபிள்<ஆப்ஜெக்ட்> ஆக்க முடியாது. கோவேரியன்ஸ் ரெஃபரன்ஸ் டைப்புகளுக்கு மட்டும்தான், டபுள் ஒரு வேல்யூ டைப். அப்புறம், காபிக்கிடங்கில் இருப்பு மெத்தடின் ரிட்டர்ன் டைப்பை லிஸ்ட்<காபி> என்று எழுதினால் இன்டர்ஃபேஸோடு பொருந்தாது. ரிட்டர்ன் டைப்பை இன்னும் குறிப்பானதாக மாற்றி எழுதலாம் என்று சி ஷார்ப் 9 தந்த சலுகை, கிளாஸ் மெத்தடை ஓவர்ரைட் செய்யும்போதுதான் செல்லும். இங்கே ரிட்டர்ன் டைப்பை ஐரீட்ஒன்லிலிஸ்ட்<காபி> என்றே எழுதி, உள்ளே லிஸ்டையே ரிட்டர்ன் செய்யுங்கள்.