பில்லிங் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டால் கடை நிற்காமல் இருக்க

மொத்த வியாபாரக் கடையில் யார் எவ்வளவு பாக்கி என்பது பெரும்பாலும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் மட்டுமே இருக்கும். அந்த ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால் ஃபைல்கள் அத்தனையும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்புதான் திரையில் நிற்கும். வசூலுக்குப் போகக் கணக்கு இல்லை, ஜிஎஸ்டி தாக்கலுக்கு விவரம் இல்லை. அதனால் எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று யோசிக்கும் முன் பேக்கப்பைச் சரிசெய்யுங்கள்.

சிறிய கடையின் டாலி டேட்டாவுக்கு 64 ஜிபி பென்டிரைவ் தாராளம். இரண்டு வாங்கி 1, 2 என்று எழுதி ஒட்டுங்கள். கடை சாத்தும் முன் டாலி பிரைமில் ஆல்ட் + ஒய் அழுத்தி, பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடமாகப் பென்டிரைவில் அன்றைய தேதியிட்ட ஃபோல்டரைக் காட்டுங்கள். இன்று 1, நாளை 2. வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: பேக்கப் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பார்கள். ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். கூகுள் டிரைவோடு தானாக சிங்க் ஆகும் ஃபோல்டரும் முழுப் பாதுகாப்பு இல்லை. பூட்டப்பட்ட ஃபைலே மேலே ஏறிவிடும். பழைய பதிப்புகள் அங்கே சுமார் 30 நாள்தான் இருக்கும்.

மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நான்கைந்து பார்ட்டிகளின் பாக்கியை ஒப்பிட்டுப் பாருங்கள். கடையின் டேட்டா ஃபோல்டர் மேலேயே ரீஸ்டோர் செய்துவிடாதீர்கள்; புதிய பதிவுகள் அழிந்துபோகும்.

இனி, ரான்சம்வேர் நுழையும் வழிகள். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க ரவுட்டரில் 3389 போர்ட்டை (தூரத்திலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழி) திறந்து வைத்திருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள். இணையம் முழுவதும் அந்தக் கதவைத் தேடிப் பாஸ்வேர்டுகளை முயன்றுபார்க்கும் நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. சர்வீஸ் செய்பவர், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்கில் நிரந்தரப் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். தேவைப்படும்போது நீங்கள் அனுமதித்து உள்ளே விட்டால் போதும். திருட்டு டாலி, கிராக் செய்த விண்டோஸ் இரண்டும் வேண்டாம். அவற்றோடு என்ன சேர்ந்து வருகிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, மாற்றத் திட்டமிடுங்கள். பில் போடுபவருக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு யூசர் கொடுங்கள். டாலி டேட்டா பூட்டப்படுவதை இது மட்டும் தடுக்காது, ஆனால் பாதுகாப்பு மென்பொருளை அணைத்துப்போடும் வேலை கடினமாகும்.

பணத்தில் நான்கு விஷயம். சப்ளையர் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ செய்தி வந்தால், அதில் உள்ள எண்ணை விட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே அனுப்புங்கள். தினமும் காலையில் கல்லாவில் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். இரவோடு இரவாக மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டுவது உண்டு. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் சவுண்ட் பாக்ஸையோ உங்கள் ஆப்பையோ நம்புங்கள். பணம் வாங்க யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை என்பதைக் கல்லாவில் இருக்கும் பையனுக்கும் சொல்லிவையுங்கள்.

பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் கையில் இருக்கட்டும். அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்பு.

கம்ப்யூட்டர் பூட்டப்பட்டால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையை போனில் படம் எடுங்கள். பதற்றத்தில் பேக்கப் பென்டிரைவைச் செருகிவிடாதீர்கள். பணம் கட்டினாலும் ஃபைல் திரும்பும் என்று உறுதியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களுடன் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கும். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து தேடிப் பாருங்கள். சாவி இல்லாவிட்டால் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு, கடைசி பேக்கப்பிலிருந்து தொடங்குங்கள். விட்டுப்போன ஒரு நாள் பில்களைக் காகிதப் பிரதியிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.