பனிமலைக்குப் பருத்தி பனியன் வேண்டாம்

வெள்ளியங்கிரி ஏறிப் பழகிய துணிவில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இமயமலைப் பனிநடைக்குப் புறப்படுவோர், நம் ஊர் வெயிலுக்கு உகந்த பருத்தி பனியனை அங்கே அணிய வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தி, கடுங்குளிரில் உடல் சூட்டை விரைவாக இழக்கச் செய்யும். கம்பளி உள்ளாடையே நல்லது.

அதைவிடக் கவலைக்குரியது, மலைச்சரிவில் தேங்கிய பனி திடீரெனப் பெயர்ந்து பாயும் பனிச்சரிவு. பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள சரிவுகளிலேயே அது நிகழ்வதால், கனத்த பனி பெய்தபின் குறைந்தது 24 மணி நேரமாவது அவற்றின் மீதோ அடியிலோ நடக்காதீர்கள். புதைந்தவரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் மீட்டால்தான் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், புதைந்தவர் இருக்கும் இடத்தை வானொலி அலையால் காட்டும் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவு கோல், பனியைத் தோண்டும் மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்து செல்ல வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் இருந்தால் போதாது. புதைபவர் அவராகவே இருக்கக்கூடும்.